முதுகில் சோறு, வயிற்றில் பசி: ஜான் மியூர் பாதையில் இரு நண்பர்கள்

2016 கோடையில் என் நண்பர்கள் இருவர் கலிபோர்னியாவின் ஜான் மியூர் பாதையை நடந்து முடிக்கக் கிளம்பினார்கள். பதின்மூன்றாம் நாள் மலைமேல் பிரிந்துபோனார்கள். அன்று இரவு ஒருவர் உயிருக்கு ஆபத்து வந்தது. நான் அவர்களோடு நடக்கவில்லை. வீட்டிலிருந்து செய்தி வாங்கி, செய்தி அனுப்பும் தொடர்பாளாக இருந்தேன். செயற்கைக்கோள் கருவி வழியே வந்த குறுஞ்செய்திகள், இருவரின் நாட்குறிப்புகள், பிறகு பல மாதம் பேசியது, இவற்றிலிருந்து இதை எழுதுகிறேன். இருவரும் படித்துவிட்டுச் சம்மதம் சொன்னார்கள். பெயர் வேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன்.

பின்னணி

இருவரும் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருவர் மதுரைக்காரர், மற்றவர் நெல்லைக்காரர். இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன். அப்போது இருவருக்கும் 34 வயது. மதுரைக்காரர் ஒல்லி, 61 கிலோ, வேகமாக நடப்பவர். நெல்லைக்காரர் நல்ல உயரம், 84 கிலோ, நிதானமானவர். அதற்கு முன் இருவரும் சேர்ந்து போன நடைகளில் நீண்டது நான்கு நாள்.

பாதை யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹாப்பி ஐல்ஸில் தொடங்கி, சியரா நெவாடா மலைத்தொடரின் முதுகிலேயே தெற்கே இறங்கி, மவுண்ட் விட்னி உச்சியில் முடிகிறது. சுமார் 340 கிலோமீட்டர். விட்னி 4,421 மீட்டர் உயரம். உச்சியோடு பாதை முடிந்தாலும் சாலைக்கு வர இன்னும் 18 கிலோமீட்டர் இறங்க வேண்டும். வழியில் ஊரே கிடையாது. வடக்கிலிருந்து வருபவர்களில் டோனஹ்யூ கணவாயைக் கடக்க அப்போது ஒரு நாளைக்கு 45 பேருக்குத்தான் அனுமதி இருந்தது. அது குலுக்கலில் கிடைத்தது. இவர்களுக்கு நான்காவது முயற்சியில் விழுந்தது. ‘இந்த முறை விட்டால் எப்போது கிடைக்குமோ’ என்ற எண்ணம் அன்றே இருவர் மனதிலும் உட்கார்ந்துவிட்டது. பிறகு எடுத்த பல முடிவுகளுக்கு அடியில் அந்த எண்ணம் இருந்தது.

உணவுத் திட்டம்

இந்த நிகழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த மலைகளில் கரடிகள் உண்டு. சாப்பாட்டை எல்லாம் கரடியால் திறக்க முடியாத உருளைப் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். இவர்கள் வாங்கிய பெட்டி 11.5 லிட்டர் கொள்ளும். சாதாரணமாக ஒருவருக்கு ஏழு நாள் உணவு என்பார்கள். வழியில் இரண்டு இடங்களுக்கு முன்கூட்டியே உணவு அனுப்பினார்கள்: ஆறாம் நாள் ரெட்ஸ் மெடோ, பத்தாம் நாள் மியூர் டிரெயில் ரான்ச். இரண்டாவது இடம் ஏறத்தாழப் பாதி வழி. அங்கே மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளியில் வைத்து, சில வாரம் முன்பே தபாலில் அனுப்பிவிட வேண்டும்.

ரான்சை விட்டால் பாதையிலேயே உணவு வாங்க வழியில்லை. கீர்சார்ஜ் கணவாய் வழியாக ஆனியன் வேலிக்கு இறங்கி, இண்டிபெண்டன்ஸ் ஊரில் வாங்கித் திரும்பி ஏறலாம். அதற்கு இரண்டு நாள் ஆகும். விடுமுறை போதாது என்று அதை விட்டுவிட்டார்கள். ஆகவே ரான்சிலிருந்து கடைசி வரை பத்து நாள் சாப்பாடு, ஏழு நாள் பெட்டியில்.

பெட்டியில் என்ன வைத்தார்கள்? அரிசி, துவரம்பருப்பு, அவல், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கடலை மிட்டாய், காப்பித்தூள். வீட்டுச் சாப்பாட்டு ருசி வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் அவல் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. ஆளுக்கு 4.8 கிலோதான் உள்ளே போனது. பிறகு கணக்குப் பார்த்தபோது அது 18,000 கலோரிக்குப் பக்கம் வந்தது. பத்து நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 1,800. முதுகில் மூட்டையோடு தினமும் கணவாய் ஏறி இறங்குகிறவருக்கு இதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். பட்டியலை நானும் பார்த்தேன். கிலோவைக் கூட்டிப் பார்த்தேனே தவிர, கலோரியைக் கூட்டிப் பார்க்கவில்லை.

இன்னொன்று, எல்லாம் சமபங்கு. விடுதியில் பார்சல் வந்தால் நடுவில் கோடு போட்டுப் பிரித்த பழக்கம். 61 கிலோ உடம்புக்கும் 84 கிலோ உடம்புக்கும் அதே ஒரு கப் சோறு, அதே ஒரு கடலை மிட்டாய். இருவருக்குமே அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

சுமையையும் பாதியாக்கினார்கள். கூடாரத் துணி நெல்லைக்காரரிடம், அதன் கம்பிகள் மதுரைக்காரரிடம். அடுப்பு, பாத்திரம், செயற்கைக்கோள் கருவி மூன்றும் மதுரைக்காரரிடம். சமைக்க வேண்டிய அரிசியும் பருப்பும் அவலும் நெல்லைக்காரர் பெட்டியில். நொறுக்குத்தீனி, பொடி, காப்பி எல்லாம் மதுரைக்காரர் பெட்டியில். ஒன்றாகவே இருப்போம் என்ற நம்பிக்கையில் போட்ட பங்கு இது. எடை கச்சிதமாகச் சமமாக இருந்தது.

முதல் பத்து நாள்

ஜூலை 20 காலை கிளம்பினார்கள். முதல் வாரக் குறிப்புகள் முழுக்கச் சந்தோஷம். விடியற்காலையில் தண்ணீர்ப் புட்டியில் மெல்லிய பனித்தகடு, பத்து மணிக்கே தோலைச் சுடும் வெயில், புல்வெளிகளில் கொசுப்படை, மாலையில் கால்களை ஓடையில் வைத்துக்கொண்டு பழைய பேராசிரியர்களைப் பற்றிப் பேச்சு. தவுசண்ட் ஐலண்ட் ஏரிக் கரையில் இருவரும் அரைமணி நேரம் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்ததாக இருவர் குறிப்பிலும் தனித்தனியே இருக்கிறது. அந்தப் பக்கங்களை இன்றும் விரும்பிப் படிக்கிறேன்.

ஏழாம் நாளிலிருந்து குறிப்புகளின் தொனி மாறுகிறது. மதுரைக்காரர் எழுதியவை: “இன்னைக்கும் ரெண்டு மணி நேரம் அவனுக்காகக் காத்திருந்தேன்.” “கேட்டா பதில் இல்ல.” “மனசு வைக்க மாட்டேங்கிறான்.” நெல்லைக்காரர் எழுதியவை சிறியவை: “குளிர்.” “ராத்திரி தூக்கம் இல்லை, சோறு கனவு.” “கால் கல்லில் தட்டிக்கொண்டே இருக்கிறது.” ஒன்பதாம் நாள் தலைவலி. பத்தாம் நாள் கால்சட்டையில் இடுப்புக் கயிற்றை நான்கு விரல் இழுத்துக் கட்டியதாக எழுதியிருக்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒருவர் எழுதியிருப்பது குணத்தைப் பற்றி, மற்றவர் எழுதியிருப்பது உடம்பைப் பற்றி என்பது தெரிகிறது. ஆனால் அப்போது யாரும் பக்கத்தில் வைத்துப் படிக்கவில்லை.

ரான்சில் வேறு நடையர்கள் வேண்டாமென்று விட்டுப்போன உணவு வாளிகளில் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நெல்லைக்காரர் ஒன்றும் எடுக்கவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். “பெட்டில இடமில்லைன்னு சொல்லிக்கிட்டேன். உண்மையில கூச்சமா இருந்துச்சு,” என்றார். அங்கேயே நின்று சாப்பிட்டிருக்கலாமே என்றேன். தனக்கு மட்டும் பசிக்கிறது என்று காட்டிக்கொள்ள முடியவில்லை என்றார்.

நம் வீடுகளில் ‘போதும்’ என்று சொன்னாலும் இலையில் இன்னொரு கரண்டி விழும். பசிக்கிறவர் கேட்க வேண்டியதில்லை, பரிமாறுகிறவர் பார்த்துக்கொள்வார். மலையில் பரிமாற ஆள் இல்லை. இருவரும் அவரவர் கப்பை எடுத்துக்கொண்டார்கள். நெல்லைக்காரர் வழக்கம்போல ‘போதும்’ என்றார், மதுரைக்காரர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

பதினொன்றும் பன்னிரண்டும்

ரான்சை விட்ட முதல் இரவு துவரம்பருப்பு வேகவில்லை. வீட்டில் குக்கரில் வைத்துப் பார்த்ததோடு சரி. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 3,300 மீட்டரில் 90 டிகிரிக்கும் கீழே. நாற்பது நிமிடம் கொதித்தும் பருப்பு கடித்தால் நறுக்கென்றது. எரிவாயு தீர்ந்துவிடும் என்று அடுப்பை அணைத்து, அரைவேக்காடாகச் சாப்பிட்டார்கள். மறுநாள் இருவருக்கும் வயிறு சரியில்லை.

பருப்பு வேகாத அந்த இரவே சண்டை. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று ஆரம்பித்து, கல்லூரிக் காலத்துக் கணக்கு வரை போனது. என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. பன்னிரண்டாம் நாள் எவல்யூஷன் ஏரிக்கு வந்து சேரும் வரை இருவரும் ஏறக்குறைய பேசவில்லை. எனக்கு வந்த செய்தி: “எல்லாம் ஓகே.” நானும் அப்படியே நம்பினேன்.

பதின்மூன்றாம் நாள்

ஆகஸ்ட் 1. எவல்யூஷன் ஏரியிலிருந்து மியூர் கணவாய்க்கு ஏழு, எட்டு கிலோமீட்டர். கணவாய் 3,644 மீட்டர் உயரம். வழியெல்லாம் கல்லும் ஏரியும்தான், ஒதுங்க ஒரு மரம் இல்லை. சியராவில் கோடை மதியங்களில் இடிமழை திரளும் என்பதால் நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும் என்பது அங்கே நடக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். இவர்கள் கிளம்பியதே காலை 9.30.

ஒரு மணி நேரத்தில் இடைவெளி விழுந்தது. நெல்லைக்காரர், “நீ போ மாப்ள, நான் மெதுவா வாரேன்,” என்றார். மதுரைக்காரர் போனார். எங்கே காத்திருப்பது என்று இருவரும் பேசவில்லை. ஒருவர் மனதில் கணவாய், மற்றவர் மனதில் அடுத்த ஏரி.

மதுரைக்காரர் 12.40-க்குக் கணவாயை அடைந்தார். அங்கே 1930-இல் சியரா கிளப் கட்டிய கல் குடில் ஒன்று உண்டு. அரைமணி நேரம் காத்திருந்தார். மேகம் கறுத்தது. உச்சியில் நிற்பது ஆபத்து என்று மறுபுறம் லெ கான்ட் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கினார். இந்த ஒரு முடிவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் சரியானதுதான். கல் குடில் மின்னலுக்குப் பாதுகாப்பு கிடையாது. தவறு அதற்கு மூன்று மணி நேரம் முன்பே நடந்துவிட்டது.

இரண்டு மணிக்கு ஆலங்கட்டி மழை. நெல்லைக்காரர் அப்போது கணவாய்க்கு இந்தப் பக்கம் வாண்டா ஏரி அருகே இருந்தார். பதினொரு மணிக்கு ஒரு கடலை மிட்டாய் சாப்பிட்டது, அவ்வளவுதான். மழைச்சட்டை போடும் முன்பே நனைந்துவிட்டார். கூடாரத் துணி இருந்தது, கம்பி இல்லை. எட்டு நாளுக்கான அரிசியும் பருப்பும் முதுகில் இருந்தன, அடுப்பு இல்லை. அவலை ஏரித் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டிருக்கலாம். நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அந்த எண்ணமே வரவில்லை என்கிறார். உடல் குளிரத் தொடங்கினால் முதலில் போவது இந்தச் சின்ன யோசனைகள்தான்.

நான்கு மணி வாக்கில் பின்னால் வந்த இரண்டு பெண்கள் அவரைப் பார்த்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், பல கோடைகள் அந்த மலைகளில் நடந்தவர்கள். அவர் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்டதற்குக் குழறினார், எழுந்தபோது தள்ளாடினார், கையுறையை மாட்ட விரல் வரவில்லை. தள்ளாட்டம், குழறல், கை நழுவல், எரிச்சல் என்று உடல் குளிர்ந்துபோவதற்கு மலையேறிகள் சொல்லிக்கொடுக்கும் அடையாளங்கள் நான்கு. நான்காவதை இரண்டு நாள் முன்பே மதுரைக்காரர் பார்த்திருந்தார், வேறு பெயர் வைத்து.

அந்தப் பெண்கள் அங்கேயே தங்கள் கூடாரத்தைப் போட்டார்கள். ஈர உடையை மாற்றி, தூக்கப்பைக்குள் படுக்கவைத்து, சர்க்கரை நிறையப் போட்டுச் சூடான பானம் கொடுத்தார்கள். அப்புறம் நூடுல்ஸ், கடலை வெண்ணெய். அவர் கேட்கக் காத்திருக்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் நடுக்கம் குறைந்து, பேச்சு தெளிந்தது.

என் வீட்டில் அன்று இரவு

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. மாலை 6.40-க்குச் செய்தி: “அவன் இன்னும் வரல. டென்ட் துணி அவன்ட்ட, கம்பி என்ட்ட.”

நான் மூன்று கேள்வி கேட்டேன். கடைசியாக எங்கே பார்த்தாய்? அவனிடம் என்ன இருக்கிறது? நீ இப்போது எப்படி இருக்கிறாய்? ஒவ்வொரு பதிலும் வர பத்து, பதினைந்து நிமிடம் ஆனது. பள்ளத்தாக்குக்குள் வானம் குறைவாகத் தெரிந்தால் கருவிக்குச் சமிக்ஞை எடுக்க நேரமாகும். இரண்டாம் கேள்விக்கு வந்த பதிலைப் படித்தபோதுதான் சுமையை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு உறைத்தது.

அவர் அப்போதே டார்ச்சோடு மேலே ஏறப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். எட்டுக் கிலோமீட்டர், 850 மீட்டர் ஏற்றம், ஈரப் பாறை, இருட்டு, அவருக்கும் சாப்பாடு சரியில்லை. ஒருவரைத் தேடப்போய் இருவரைத் தேட வேண்டி வரும். விடியும் முன் கிளம்பு என்றேன். இந்த முடிவு இன்றும் எனக்குச் சரியாகவே படுகிறது.

கருவியின் அவசரப் பொத்தானை அழுத்தச் சொல்லலாமா என்று ஒன்றரை மணி நேரம் தயங்கினேன். மெதுவாக வருகிறார், எங்காவது தங்கியிருப்பார், பெரிதாக்கி அவமானப்படுத்த வேண்டாம் என்றெல்லாம் நினைத்தேன். 8.15-க்கு அந்த மலைப்பகுதியின் தேசியப் பூங்கா அவசர எண்ணை அழைத்தேன். பேசியவர் நிதானமாக எல்லாம் கேட்டுக்கொண்டார். லெ கான்ட் பள்ளத்தாக்கில் கோடையில் தங்கும் வனக்காவலருக்குக் காலையில் வயர்லெஸ்ஸில் சொல்வதாகவும், நிலைமை மாறினால் உடனே அழைக்கும்படியும் சொன்னார். அந்த ஒன்றரை மணி நேரத் தயக்கம் என் தவறு. உடை, கூரை, நெருப்பு மூன்றில் இரண்டு இல்லாத ஒருவர் புயலுக்குப் பின் வந்து சேரவில்லை என்றால், அந்தத் தகவல் தெரிந்த நிமிடமே பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும்.

வெளியேறியது

மதுரைக்காரர் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார். நெல்லைக்காரரும் அந்தப் பெண்களும் ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஒன்பதுக்குச் சற்று முன் கல் குடில் வாசலில் சந்தித்தார்கள். 9.05-க்கு எனக்கு வந்த செய்தி: “கிடைச்சுட்டான்.” பூங்காவுக்குச் சொல்லிவிட்டேன்.

அன்று லெ கான்ட் பள்ளத்தாக்குக்கு இறங்கி, அடுத்த நாள் முழுக்க ஓய்வு. வனக்காவலர் வந்து பார்த்துவிட்டு மூன்று வழிகளைச் சொன்னார். விட்னி வரை தொடரலாம், வழியில் அதைவிட உயரமான கணவாய்கள் இருக்கின்றன. ரான்சுக்குத் திரும்பலாம், மியூர் கணவாயை மறுபடி ஏற வேண்டும். பிஷப் கணவாய் வழியாக சவுத் லேக்குக்கு வெளியேறலாம், 20 கிலோமீட்டர், நல்ல ஏற்றம், ஆனால் முடிவில் சாலை. மூன்றாவதைத் தேர்ந்தார்கள். தொடர வேண்டும் என்று கடைசி வரை சொன்னவர் நெல்லைக்காரர்தான். தன்னால் பயணம் கெட்டது என்ற எண்ணம் அவரை விடவில்லை. மதுரைக்காரர் சொன்ன ஒரே பதில்: “உனக்குச் சோறு போடாம கூட்டிட்டு வந்தது நான்டா.”

இனி பத்து நாள் கணக்கு தேவையில்லை என்பதால் பெட்டியில் இருந்ததை வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். இரண்டே நாளில் நெல்லைக்காரரின் நடை மாறியது. பெட்டி காலியாகக் காலியாக அவருக்குத் தெம்பு வந்தது என்று மதுரைக்காரர் எழுதியிருக்கிறார். டூசி பேசினில் ஒரு இரவு தங்கி, ஆகஸ்ட் 5 மதியம் சவுத் லேக் வந்தார்கள். நான் டையோகா சாலை வழியாக வண்டி ஓட்டிப்போய், இட்லியும் தயிர்சாதமும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிஷப் ஊரில் மருத்துவரிடம் காட்டியதில் நிரந்தரப் பாதிப்பு ஒன்றும் இல்லை. எடை போட்டோம்: மதுரைக்காரர் 59, நெல்லைக்காரர் 78.

பிறகு

மூன்று மாதம் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நாட்குறிப்புகளை நான் வாங்கி நாள்வாரியாக ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தட்டச்சு செய்து இருவருக்கும் அனுப்பினேன். “மனசு வைக்க மாட்டேங்கிறான்” என்ற வரிக்குப் பக்கத்தில் “சோறு கனவு” என்ற வரி. அதற்கு இரண்டு நாள் கழித்து மதுரைக்காரர் நெல்லைக்காரர் வீட்டுக்குப் போனார்.

2017-இல் சியராவில் பனி மிக அதிகம், போகவில்லை. 2018 ஆகஸ்டில் சவுத் லேக் வழியாக உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து நடந்தார்கள். மாற்றியவை இவை. உணவைக் கலோரியில் கணக்கிட்டார்கள், உடல் எடைக்கு ஏற்பப் பிரித்தார்கள். நெல்லைக்காரருக்கு நாளைக்கு 3,800, மதுரைக்காரருக்கு 2,900. அரிசியும் துவரம்பருப்பும் வீட்டிலேயே இருந்தன. நெய், வேர்க்கடலை, எள்ளுருண்டை, பொட்டுக்கடலை மாவு, கொதிநீர் ஊற்றினாலே ஆகிவிடும் கலவைகள் போயின. நூறு கிராம் அவலில் 350 கலோரி என்றால் அதே எடை நெய்யில் 900; இடமும் பாதிகூட ஆகாது. இருவரிடமும் தனித்தனிக் கூடாரம், அடுப்பு, கருவி. எடை ஆளுக்கு ஒன்றரைக் கிலோ கூடியது, அதை ஏற்றுக்கொண்டார்கள். மெதுவாக நடப்பவர் முன்னால். பிரிய நேர்ந்தால் அடுத்த ஓடை, அடுத்த கிளைப்பாதை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அங்கே நிற்பது. என்னிடமும் ஒரு தாள் இருந்தது: இரவு எட்டுக்குள் இருவரிடமிருந்தும் தனித்தனியே செய்தி வராவிட்டால் கேள்வி கேட்காமல் பூங்காவை அழைக்க வேண்டும். அந்தச் செய்தியில் அன்று என்ன சாப்பிட்டார்கள் என்பதும் இருக்க வேண்டும்.

கீர்சார்ஜ் வழியாக ஆனியன் வேலிக்கு இறங்கினார்கள், நான் உணவு கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் கூடுதலாக ஆனது. அதன் பிறகு ஃபாரஸ்டர் கணவாயை, 4,009 மீட்டர், காலை 10.20-க்கு இருவரும் ஒன்றாகக் கடந்தார்கள். அன்று இரவுச் செய்தியில் சாப்பாட்டுப் பட்டியல் வழக்கத்தைவிட நீளம். அடம்பிடித்துக் கொண்டுபோன ஒரே ஒரு அவல் பொட்டலத்தைக் கணவாய் உச்சியில் பிரித்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, வெல்லமும் தேங்காய்ப்பொடியும் போட்டுச் சாப்பிட்டார்களாம். பரிமாறியது மதுரைக்காரர்.